அண்ணாமலையிலிருந்து கோடிக்கரைக்கு

திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கும், அங்கே வந்து சில மாதம் தங்கிப் போகிறவர்களுக்கும் கடலைக் காண வேண்டும் என்ற ஆவல் எழும்போது, அவர்கள் பெரும்பாலும் புதுச்சேரிக்கோ மாமல்லபுரத்துக்கோ காலையில் புறப்பட்டு, கரையில் சற்று நின்று, அலையில் கால் நனைத்து, இரவுக்குள் வீடு திரும்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அருகில் உள்ளதை நாடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும், கடலும் கானகமும், கானகத்து விலங்குகளும், அயல்தேசத்துப் பறவைகளும், தேவாரப் பாடல் பெற்ற ஆலயங்களும், நம் சுதந்திர சரித்திரத்தின் ஓர் அத்தியாயமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எல்லைக்குள் ஒருங்கே அமைந்த ஓரிடத்தைக் காண விரும்புகிறவர், இன்னும் தெற்கே சென்று, சோழ மண்டலக் கரை நேர் தெற்காக இறங்கிவந்து சட்டென்று மேற்கே திரும்புகிற அந்த முனையை, அதாவது கோடிக்கரையை, அடைய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கோடியக்கரை என்று அரசாங்கப் பலகைகளில் எழுதியிருப்பதும் அதே ஊர்தான்.

கடலும் கானகமும் விலங்குகளும் என்றதும் இதைத் தேசியப் பூங்கா என்று எண்ணிவிட வேண்டாம்; அந்த அந்தஸ்து சட்டப்படி இதற்கு இல்லை. இது வனவிலங்குச் சரணாலயம். 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முக்கியமாக வெளிமான்களைக் காப்பாற்றும் பொருட்டு, இது ஸ்தாபிக்கப்பட்டது. நமது மாநிலத்தில் கடல்சார் தேசியப் பூங்கா என்ற பெயர் பெற்றது மன்னார் வளைகுடாவில், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைத் தழுவி 1986-இல் அமைக்கப்பட்டதாகும். ஆனால் அதன் செல்வம் முழுவதும் பவளப் பாறைகளாகவும் கடற்புல் வெளிகளாகவும் நீருக்கடியில் இருப்பதாலும், அத்தீவுகளில் பொதுமக்கள் இஷ்டம்போல் இறங்கி உலாவ இடமில்லாததாலும், குடும்பத்தோடு போகிறவருக்கு அது அவ்வளவு உகந்ததன்று. கோடிக்கரையிலோ நம் சொந்தக் கால்களால் நடந்து, சொந்தக் கண்களால் காணலாம். மலையை வலம் வந்து பழகிய ஊர்க்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போகும் பருவத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், பருவம் தவறிப் போய்விட்டு, அங்கே ஒன்றுமே இல்லை என்று திரும்பி வந்து சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. வடக்கேயிருந்து வரும் பறவைகள் ஐப்பசியில் இறங்கத் தொடங்கி, மாசி வரையிலும் தங்குகின்றன. ஆனால் அதே ஐப்பசியும் கார்த்திகையும் அந்தக் கரைக்கு அடைமழைக் காலம். புயலும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், அந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் சாய்த்தது போலவே சரணாலயத்து மரங்களையும் மான்களையும் வாரிக்கொண்டு போயிற்று என்பதை அங்குள்ளவர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆகவே நம் ஊரில் கார்த்திகை தீபம் முடிந்து, மலையுச்சிக் கொப்பரை கீழே இறங்கி, மழையும் ஓய்ந்த பிறகு, மார்கழிப் பிற்பாதியிலிருந்து மாசி நடுப்பகுதி வரையில் போவதே உத்தமம். பறவைகளும் இருக்கும், வெளிமான்களும் புல்வெளியில் தென்படும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். மான்களை மாத்திரம் காண விரும்புகிறவர் கோடையிலும் போகலாம். ஆனால் அந்த வெயிலுக்கு அஞ்சாதவராக இருத்தல் வேண்டும்.

பொங்கல் விடுமுறையையும் தை அமாவாசையையும் தவிர்த்துவிடுவது நல்லது. கோடிக்கரைக் கடலை ஆதிசேது என்று கொண்டாடி, ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்து நீராட ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். அந்தப் புண்ணியத்தை நாடிப் போகிறவர் அந்நாளிலேயே போகட்டும். பறவைகளைக் காணப் போகிறவர் அந்நாளில் போய்ப் பயனில்லை. இதே நியாயத்தால், புறப்படும் நாளும் திரும்பும் நாளும் பௌர்ணமியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைப் பஸ்களில் ஏறுவதும் இறங்குவதும் எப்படிப்பட்ட தபசு என்பதை உள்ளூர் வாசகருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

தூரம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். நேராகப் போகும் வண்டியை நம்பிக் காத்திராமல், விழுப்புரம் சென்று, அங்கிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் மார்க்கமாக நாகப்பட்டினம் சேர்ந்து, வேளாங்கண்ணியைக் கடந்து வேதாரண்யம் போய்ச் சேர்வதுதான் சாலை வழி. சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ரயிலில் போக விரும்புகிறவர் விழுப்புரத்தில் வண்டி மாறி, மயிலாடுதுறை, திருவாரூர் வழியாகத் திருத்துறைப்பூண்டியை அடையலாம். அங்கிருந்து வேதாரண்யத்தைத் தொட்டுக்கொண்டு அகத்தியம்பள்ளி வரை செல்லும் கிளைப்பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முற்காலத்தில் மீட்டர்கேஜ் வண்டி கோடிக்கரை வரையிலுமே ஓடிற்று. இப்போது கடைசிப் பத்துக் கிலோமீட்டரை வேதாரண்யத்திலிருந்து டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோதான் கடக்க வேண்டும். கிளைப்பாதையில் ஓடும் வண்டிகள் சொற்பமாதலால், நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொண்டு புறப்படுவது விவேகம்.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் சாதாரண விடுதிகள் உண்டு. கோடிக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் என்ற விடுதி இருக்கிறது. அது முன்கூட்டி அனுமதி பெற்றவர்களுக்கே கிடைக்கும். கிடைத்தால் அதுவே பெரும் பாக்கியம், ஏனெனில் விடியற்காலையில் காட்டு வாயிலில் நிற்க வேண்டியவர் காட்டு வாயிலிலேயே உறங்கி எழலாம். உணவு விஷயத்தில் மட்டும் கோடிக்கரையை நம்பாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் குடிதண்ணீருக்கும் வேதாரண்யத்திலேயே ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும். கையில் ஒரு பைனாகுலர் இருப்பது அவசியம். அது இல்லாமல் இங்கே வந்தவர்கள், தூரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பூநாரையைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, விடியற்காலைக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூரியன் எழுந்த ஒரு மணி நேரமும், அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரமுமே வனத்தைக் காண ஏற்ற வேளைகள். இடைப்பட்ட நேரத்தில் காட்டுக்குள் நடப்பது வெயிலைக் காண்பதற்கே பயன்படும். வனச்சரக அலுவலகத்தில் சீட்டு வாங்கி, கூடவே ஒரு வழிகாட்டியையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வனக் காவலருடனோ அவ்வூர் வழிகாட்டியுடனோ போகும்போது காண்பதில் பாதிகூடத் தனியே போகிறவர் கண்ணுக்குப் புலப்படாது.

ஜவ்வாது மலையின் காட்டைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்தக் காடு முதலில் ஓர் ஏமாற்றமாகக்கூடத் தோன்றலாம். வானளாவிய மரம் ஒன்றும் இல்லை. கடற்காற்று ஓயாமல் சீவிவிட்டது போன்று எல்லா மரங்களும் ஒரே மட்டத்தில் குள்ளமாக, நெருக்கமாக, கிளை பின்னி நிற்கும். ஆனால் கோடையிலும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காத இந்த உலர் பசுமைமாறாக் காடு சோழ மண்டலக் கடற்கரைக்கே உரிய ஓர் அபூர்வம் என்பதையும், ஒரு காலத்தில் இக்கரை நெடுகிலும் பரவியிருந்த அது இன்று கோயில் காடுகளிலும் இதுபோன்ற சில இடங்களிலும் மாத்திரமே எஞ்சி நிற்கிறது என்பதையும் அறிந்தவர், அந்தக் குள்ள மரங்களை வேறு கண்ணால் பார்ப்பார். இவற்றுள் தலைமையானது பாலை. உலக்கை செய்வதற்கு இதன் வைரம் பாய்ந்த கட்டை உகந்தது என்பதால் உலக்கைப் பாலை என்றும் சொல்லுவதுண்டு. கோடையில் சிறு சிறு மஞ்சள் கனிகள் குலுங்கும். பிசுபிசுக்கும் பாலோடு கூடிய அந்தப் பழத்தின் தித்திப்பு மனிதர்க்கும் குரங்குக்கும் ஒருங்கே பிடித்தமானது. கரையோர உவர் நிலத்தில் உகா மரத்தையும் காணலாம். மூலிகைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வழிகாட்டி நிறுத்த மாட்டார். சித்த வைத்தியத்தில் பிரியமுள்ளவர்கள் அவருக்காகத் தனியே ஒரு காலையை ஒதுக்கிக்கொள்ளட்டும்.

அடர்ந்த காட்டைக் கடந்தால் திறந்த புல்வெளி வரும். அங்கேதான் வெளிமான். கிரிவலப் பாதையை ஒட்டிய காட்டில் நாம் காண்கிற புள்ளிமானுக்கும் இதற்கும் உள்ள பேதத்தைத் தெரிந்துகொண்டு போனால் ரசனை கூடும். புள்ளிமான் மரநிழலை விரும்பும்; அதன் கிளைத்த கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானோ பெயருக்கேற்ப வெட்டவெளியை விரும்புவது. முறுக்கிய அதன் கொம்பு கிளைப்பதுமில்லை, உதிர்வதுமில்லை. வயது முதிர்ந்த கலை முதுகெல்லாம் கரிய நிறமும் வயிறெல்லாம் தூய வெண்மையுமாக நிற்கும். பிணைகளுக்குக் கொம்பில்லை, மேனி மஞ்சள் கலந்த பழுப்பு. எதிரி நெருங்குவதாகச் சந்தேகம் வந்தால் மரத்துக்குப் பின்னே ஒளிந்துகொள்ள இதற்குத் தெரியாது. கூட்டமாகத் துள்ளி, வெளியிலேயே காற்றாய்ப் பறக்கும். எட்டிப் பார்க்கக்கூடிய தூரமும், ஓடுவதற்கு இடமும்தான் இதன் பாதுகாப்பு. ஆதலால்தான் சீமைக்கருவேலம் இந்தப் புல்வெளியில் பரவுவது வனத்துறைக்குத் தீராத கவலையாக இருக்கிறது. விறகுக்காக நாட்டில் பரப்பப்பட்ட அந்த அயல்நாட்டு முட்செடி வெளியை மூடிவிட்டால் வெளிமானுக்குப் போக்கிடம் இல்லை.

அதே புல்லை மேய மட்டக்குதிரைகளும் உண்டு. என்றோ மனிதர்கள் வளர்த்துக் கைவிட்டவற்றின் சந்ததிகளாகிய அவை இப்போது காட்டுக் குதிரைகளாகவே திரிகின்றன. பிடரி மயிர் பறக்க அவை கடலோரத்தில் ஓடும் காட்சி மிக அழகானதுதான். ஆனால் மானுக்குரிய புல்லில் அவை பங்கு கேட்கின்றன என்ற குறையும் உண்டு. நரி, காட்டுப்பன்றி, முயல் முதலியனவும் இருக்கின்றன. நரியை அந்தி வேளையில் சேற்று நிலத்தின் ஓரத்தில் தேட வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரையில் பரந்து கிடக்கும் சதுப்பு நிலமும் உப்பளங்களும்தான் பறவைகளின் ராஜ்யம். காவிரியின் கடைசிக் கிளைகள் ஓடி ஓடிக் களைத்து வந்து கடலோடு கலக்கும் இடம் இது. சரணாலயமும் இந்தச் சதுப்பும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டங்கள் கிடைப்பதற்கு வெகு முன்பே இவ்விடத்தின் அருமையைக் கண்டு சொன்னவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி ஆவார். அவர் சேர்ந்து பணியாற்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், இங்கே பல்லாண்டுகளாக வலைவிரித்துப் பறவைகளைப் பிடித்து, அளந்து, காலில் எண் பொறித்த மெல்லிய வளையம் மாட்டிப் பறக்க விடுகிறார்கள். அந்த வளையம் என்றோ ஒருநாள் வேறொரு தேசத்தில் யாரோ ஒருவர் கையில் அகப்படும்போது, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உள்ளான் எத்தனை மலையையும் பாலைவனத்தையும் தாண்டி இங்கே வந்தது என்பது தெரியவருகிறது.

எல்லோரும் கேட்பது பூநாரையை. நெடிய கால், நெடிய கழுத்து, வெண்மையில் ரோஜா நிறம் கலந்த மேனி, நடுவில் முறிந்தாற்போன்ற அலகு. அந்த அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, சேற்று நீரை உறிஞ்சி, நாக்கால் வெளியே தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் தங்கும் நுண்ணுயிர்களை உண்கிறது. அந்த இரையில் உள்ள நிறப்பொருளே அதன் இறகுக்கும் சிவப்பைத் தருகிறது. இளம்பருவத்தில் சாம்பல் நிறமாகவே இருக்கும் என்பதால், சாம்பல் நிறப் பறவையைக் கண்டு வேறு ஜாதி என்று எண்ணிவிட வேண்டாம். பூநாரைகள் எந்த நாளில் எந்தப் பகுதியில் மேயும் என்பது நீரின் ஆழத்தைப் பொறுத்தது. மழை மிகுந்து நீர் ஏறிவிட்டால் அவை தூரத்தே விலகிவிடும். வரவர இவற்றின் எண்ணிக்கை குறைகிறது என்பது நெடுநாளாக அங்கே போய்வருகிறவர்கள் சொல்லும் வருத்தமான செய்தி. மேட்டூரிலிருந்து கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்ததும், சதுப்பின் இயல்பு மாறியதும் காரணமாகக் கூறப்படுகின்றன. கூழைக்கடா, கரண்டிவாயன், சங்குவளை நாரை, ஆலாக்கள், வாத்தினங்கள், பெயர் சொல்ல வாய் நோகும் அளவுக்கு உள்ளான் வகைகள் ஆகியவற்றைக் காண்பது எளிது. உப்பள வரப்புகளில் நின்று பாருங்கள். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்த தரையாகத் தோன்றுவது காலை வைத்ததும் முழங்கால் வரை உள்ளே இழுக்கும்.

இந்தச் சேற்றைப் பற்றி வாசகர்களில் பலர் முன்னமே படித்திருப்பார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி தம் பத்திரிகையில் எழுதிய பொன்னியின் செல்வனில், ஓடக்காரப் பெண் பூங்குழலி வந்தியத்தேவனைக் கோடிக்கரைச் சேற்று நிலத்தில் அலைக்கழிப்பதும், கலங்கரை விளக்கமும், குழகர் ஆலயமும் வருகின்றன. அந்த நாவலைக் கையில் கொண்டு இங்கே வருகிறவர்கள் இன்றும் அநேகம். அதில் தவறில்லை, ஆனால் நாவலில் கண்ட கலங்கரை விளக்கத்தை அப்படியே காணலாம் என்று எதிர்பார்த்து வரக் கூடாது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டு வந்த பழைய செங்கல் கலங்கரை விளக்கம், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமியில் இடிந்தது; சிதைவுகளே எஞ்சியிருக்கின்றன. பின்னாளைய கலங்கரை விளக்கங்கள் கப்பல்களுக்கு வழிகாட்டும் பணியைச் செய்து வருகின்றன.

முற்பகலை ஆலயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆலயங்கள் உச்சிக்காலத்துக்குப் பின் நடை சாத்தி மாலையில் திறப்பதால், காட்டிலிருந்து திரும்பியதும் முதலில் கோடிக்காட்டுக் குழகர் கோயிலுக்குப் போய், பிறகு வேதாரண்யத்துக்கு வரலாம். குழகர் கோயில் சிறியது; வரும் கூட்டமும் குறைவு. சுந்தரமூர்த்தி நாயனார் தம் தோழர் சேரமான் பெருமாளோடு இங்கே வந்தபோது, கடற்காற்று ஓங்கி அடிக்கும் இந்தக் கானகக் கரையில் துணை ஒருவருமின்றித் தனியே இருக்கிறாயே என்று இறைவனையே பரிவோடு வினவிப் பாடினார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்தப் பதிகத்தில் உள்ள காற்றும் காடும் தனிமையும், காலையில் பாலைமர நிழலில் நடந்து வந்த நமக்கு அப்படியே விளங்குகின்றன. வெறும் ஸ்தல தரிசனமாக மட்டும் வேனில் வந்து இறங்கி, கற்பூரம் ஒற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தப் பதிகத்தின் பொருள் எட்டாது. வனத்தை மாத்திரம் கண்டு கோயிலுக்குள் நுழையாமல் திரும்புகிற விஞ்ஞானிகளுக்கும் அது எட்டாது என்றே சொல்வேன். சுந்தரர் சென்ற காட்டைத்தான் வனத்துறை இன்று வேலியிட்டுக் காக்கிறது.

வேதாரண்யம் என்று இப்போது வழங்கும் திருமறைக்காட்டின் கோயில் பெரியது. சோழ மன்னர் காலக் கல்வெட்டுகள் நிறைந்தது. வேதங்கள் பூஜித்துத் திருக்காப்பிட்ட கதவு நெடுங்காலம் அடைத்தே கிடக்க, அப்பர் பதிகம் பாட அது திறந்தது. சம்பந்தர் ஒரு பாடல் பாட அது மீண்டும் அடைத்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. தாம் பத்துப் பாடல் பாடியும் தாமதித்துத் திறந்த கதவு, சம்பந்தர் ஒன்று பாடியவுடனே அடைபட்டதே என்று அப்பர் மனம் நொந்த செய்தி, பெரியோர்க்கும் இத்தகைய வருத்தம் உண்டென்று காட்டுவதால் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஸப்த விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்று. இங்குள்ள தியாகராஜர் புவனி விடங்கர், நடனம் அன்ன நடனம். அம்மையின் திருநாமம் யாழைப் பழித்த மொழியாள். அவள் குரலின் இனிமைக்கு நாணிச் சரஸ்வதி வீணையின்றி இருக்கிறாள் என்பார்கள். திருவிளையாடற் புராணம் செய்த பரஞ்சோதி முனிவர் பிறந்த ஊரும் இதுவே.

தீபத்தால் பேர்பெற்ற ஊரிலிருந்து போகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதையும் இங்கே இருக்கிறது. கோயில் விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த எலி ஒன்று தன்னை அறியாமலே அணைய இருந்த திரியைத் தூண்டிவிட, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததாம். வேதாரண்யம் விளக்கழகு என்று பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் அந்தப் புகழ் பொருத்தமானதுதானா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வேதாரண்யத்துக்கும் கோடிக்கரைக்கும் இடையே அகத்தியம்பள்ளியில் வண்டியை நிறுத்துங்கள். சம்பந்தர் பாடிய சிவாலயம் ஒன்று அங்கே உண்டு. உப்பு சத்தியாக்கிரக நினைவு ஸ்தூபியும் உண்டு. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28-ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்தார்கள். நடப்பவர்கள் பாடிச் செல்வதற்கென்றே நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறும் இடமும் அளிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் பறைசாற்ற, கிராமத்து ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். கொடுத்தவர் யார் என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிக்க முடியும்? 30-ஆம் தேதி ராஜாஜி இங்கே உப்பெடுத்துக் கைதானார். உள்ளூரில் அவ்வளவு ஏற்பாடுகளையும் முன்னின்று செய்து சிறை சென்ற வேதரத்தினம் பிள்ளை, பின்னர் 1946-இல் ஸ்தாபித்த கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் வேதாரண்யத்தில் இன்றும் நடந்துவருகிறது. ஸ்தூபியைச் சுற்றிலும் இன்றைக்கும் உப்பளங்களே. வாருகோலால் உப்பை ஒதுக்கிக் குவிக்கிற தொழிலாளர்கள் அதிகாலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவதால், வெயில் ஏறுமுன் போனால் அந்த உழைப்பையும் காணலாம். அவர்களைப் புகைப்படம் எடுப்பதாயிருந்தால் அனுமதி கேட்டுக்கொண்டு எடுப்பது மரியாதை.

கடற்கரையைப் பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. மாமல்லபுரத்தைப் போன்ற மணலும் அலையும் இங்கே இல்லை. மீனவர் படகுகளும் வலைகளும், மீன்பருவத்தில் வேற்றூர்களிலிருந்து வந்து குடிசை போட்டுத் தங்கும் மீனவக் குடும்பங்களும், கருவாட்டு மணமும் நிறைந்த உழைப்பாளிகளின் கரை இது. சேறும் ஆழமும் இடத்துக்கு இடம் மாறுவதால், அமாவாசை நீராடலுக்கு உரிய இடம் தவிர வேறெங்கும் குளிக்க இறங்க வேண்டாம். குழந்தைகளின் கையை விடவே வேண்டாம். தை மாசியில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் குழி தோண்டி முட்டையிடும். அவற்றை நாய்களும் நரிகளும் தின்றுவிடாதபடி வனத்துறையினர் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அதைக் காண வாய்த்தால் விளக்கைக் குஞ்சுகளின்மேல் பாய்ச்சாதீர்கள். வெளிச்சம் அவற்றுக்குத் திசையைத் தடுமாறச் செய்யும்.

அந்திக்குச் சற்று முன்னதாக ராமர் பாதத்துக்குப் போகலாம். அந்த முனையிலேயே உயர்ந்த மணல்மேடு இதுதான். உயரம் என்று பிரமாதமாக ஒன்றுமில்லை, கடல்மட்டத்துக்கு மேல் நாலைந்து மீட்டர் இருந்தால் அதிகம். 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையை அன்றாடம் அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் சுற்றிலும் தட்டையான தேசத்தில் அந்த நாலு மீட்டரே போதுமானது. இலங்கையை நோக்கி ராமபிரான் நின்ற இடம் என்று கல்லில் பாதச் சுவடுகளை வழிபடுகிறார்கள். அங்கே நின்றால் ஒரு பக்கம் காடும் மறுபக்கம் சதுப்பும் தெரியும். பறவைகள் கூடடையப் போகும் வேளையில் அங்கிருந்து காண்பது சுகமானது.

எச்சரிக்கைகள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். குரங்குகளுக்கும் மான்களுக்கும் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் கிரிவலப் பாதை ஓரத்துக் குரங்குகள் பிஸ்கத்துக்காகப் பையைப் பறிக்கும் நிலைக்கு வந்தது யாரால் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். பிளாஸ்டிக் உறைகளை எடுத்துப் போனபடியே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். மானின் வயிற்றுக்குள் போன உறை மானைக் கொன்றுவிட்டுத்தான் அடங்கும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் ஆடைகளை விடுதியில் வைத்துவிட்டு, மண்ணிறத்திலோ பச்சையிலோ உடுத்திப் போவது நலம். வாகனத்தைச் சரணாலயச் சாலையில் மெல்ல ஓட்டுங்கள். பறவையைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்காகக் கைதட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து களைத்து இரை தேடும் ஜீவனை வீணே எழுப்பி விரட்டுவது பாவம் என்பதைத் தவிர வேறு சொல்லத் தோன்றவில்லை. கொசுவுக்கு மருந்தும், சேற்றுக்கு ஏற்ற பழைய செருப்பும் எடுத்துப் போக மறவாதீர்கள்.

வேதாரண்யப் பகுதி முல்லைக்கும் பெயர்போனது. திரும்பும் நாளில் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டால் வழியெல்லாம் மணக்கும், அண்ணாமலை சேருமுன் வாடியும் விடும். கல்லுப்பு வாங்கி வந்தால் வாடாது.

இந்த யாத்திரைக்கு ஆகக் குறைந்த காலம் இரண்டு இரவும், அவற்றைத் தொடர்ந்த இரண்டு காலைப் பொழுதும்: ஒரு காலை காட்டுக்கு, ஒரு காலை சதுப்புக்கு, இடைப்பட்டதெல்லாம் கோயிலுக்கும் அகத்தியம்பள்ளிக்கும். விடியலையும் அந்தியையும் பிரயாணத்திலேயே கழித்துவிட்டு நடுப்பகலில் கோடிக்கரையில் இறங்குகிறவர், மானும் காணார், பறவையும் காணார், நடை சாத்திய கோயிலையே காண்பார். ஆகவே ஒரே நாளில் போய் மீளலாம் என்று எண்ணுகிறவர்கள், இரண்டு இரவுக்கு அவகாசம் வாய்க்கும் வரையில் புறப்படாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.